வியட்நாமின் கைவினைக் கிராமங்கள்: பயணிக்கான முழுமையான வழிகாட்டி

வியட்நாமின் வடக்கே, செவ்வாறு எனப்படும் ஹோங் ஆற்றின் வண்டல் சமவெளியில், ஓர் ஊர் முழுவதும் ஒரே தொழிலைச் செய்வது பல நூற்றாண்டுகளாக நிலவி வரும் வழக்கம். நடவுக்கும் அறுவடைக்கும் இடையில் கை ஓய்ந்திருந்த காலத்தில் ஓர் ஊர் பானை வனைந்தது, அடுத்த ஊர் பட்டு நெய்தது, ஆற்றுக்கு அப்பால் இருந்த ஊர் காகிதத்தில் படம் அச்சிட்டது. தொழிலை முதலில் கற்றுக்கொடுத்ததாக நம்பப்படும் முன்னோரை ஊர்த் தெய்வத்திற்கு இணையாக வணங்கும் முறையும் பல இடங்களில் இன்றுவரை தொடர்கிறது. ஹனோயில் விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்கள் இத்தகைய மூன்று நான்கு ஊர்களை ஒரே பகலில் காட்டிவிடுவதாகச் சொல்கின்றன. உண்மையில் அவை காட்டுவது மூன்று நான்கு கடைகளைத்தான். ஒரு நாளில் ஓர் ஊரை, அதிகம் போனால் அருகருகே உள்ள இரண்டு ஊர்களை, மூலப்பொருள் வந்து இறங்குவதிலிருந்து சரக்கு கட்டப்படுவதுவரை வரிசையாகப் பார்க்க விரும்புபவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

முதல் படி: புறப்படும் காலத்தைத் தீர்மானித்தல்

இந்தப் பயணத்தில் வரைபடத்தைவிட நாட்காட்டியே முக்கியம். வியட்நாமியக் கிராமங்கள் சந்தைக்கும் திருவிழாவுக்கும் விரதத்துக்கும் இன்றும் சந்திர நாட்காட்டியையே பின்பற்றுகின்றன. அமாவாசை நாளை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் பௌர்ணமி ஏறத்தாழ பதினைந்தாம் நாளாக வரும் என்பதால், நம் வீட்டு நாள்காட்டியை வைத்தே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். ஆனாலும் ஒரு நாள் முன்பின்னாக வாய்ப்புள்ளதால், வியட்நாமிய நாட்காட்டிச் செயலி ஒன்றில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஹனோய்க்குத் தெற்கே உள்ள சுவோங் கிராமத்தின் கூம்புத் தொப்பிச் சந்தை சந்திர மாதத்தின் 4, 10, 14, 20, 24, 30 ஆகிய நாட்களில், விடியற்காலையில் கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடுகிறது. மற்ற நாட்களில் அங்கே போனால் தொப்பி தைக்கும் வீடுகளைப் பார்க்கலாமே தவிர, சந்தையைப் பார்க்க இயலாது.

டெட் எனப்படும் புத்தாண்டு 2027ஆம் ஆண்டில் பிப்ரவரி 6 அன்று வருகிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஊதுபத்தி ஊர்களும் படம் அச்சிடும் ஊர்களும் ஆண்டின் மிகச் சுறுசுறுப்பான நிலையில் இருக்கும். புத்தாண்டு நாளும் அதைத் தொடரும் வாரமும் அதற்கு நேர்மாறானவை: பட்டறைகள் பூட்டியிருக்கும், குடும்பங்கள் கூடியிருக்கும், வண்டி கிடைப்பதும் கடினம். பொதுவாக வடக்குப் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வறண்ட, இதமான காலம் ஏற்றது. பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கில் நசநசவென்று தூறல் விழுந்துகொண்டேயிருப்பதால், காயவைக்க வேண்டிய எந்தத் தொழிலும் மந்தமாகவே நடக்கும். நடுப்பகுதியில் உள்ள ஹோய் அன்னில் அக்டோபரும் நவம்பரும் வெள்ளக் காலம். அங்கே பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டு வரை செல்லலாம். தென்கிழக்குக் கரையில் உள்ள ஃபான் ராங் நாட்டிலேயே மழை மிகக் குறைந்த பகுதி என்பதால் அங்கே காலக் கவலை குறைவு.

இரண்டாம் படி: ஆவணங்களும் முகவரிகளும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் மின்விசா பெற்றே நுழைய வேண்டும். 2023 ஆகஸ்டு முதல் இந்த விசா 90 நாட்கள்வரை வழங்கப்படுகிறது. ஒருமுறை நுழைவுக்கு 25 டாலரும், பலமுறை நுழைவுக்கு 50 டாலரும் கட்டணம். அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் நேரடியாக விண்ணப்பிப்பதே போதுமானது. அதே தோற்றத்தில் இடைத்தரகர்கள் நடத்தும் தளங்கள் பன்மடங்கு வசூலிக்கின்றன.

2025 ஜூலை 1 அன்று வியட்நாம் தன் 63 மாகாணங்களையும் மாநகரங்களையும் 34ஆகச் சுருக்கி, மாவட்டம் என்ற அடுக்கையே நீக்கிவிட்டது. ஹோய் அன் இப்போது டா நாங் மாநகரத்தைச் சேர்ந்தது. நின் துவான் மாகாணம் கான் ஹோவாவுடனும், ஹா ஜியாங் துவென் குவாங்குடனும் இணைந்துவிட்டன. பழைய பயண நூல்களிலும் விடுதிப் பதிவுகளிலும் இருக்கும் முகவரிகள் இதனால் குழப்பும். ஊரின் பெயரையும் பழைய மாவட்டத்தின் பெயரையும் சேர்த்து, வியட்நாமிய எழுத்தில், கைபேசியில் சேமித்து வைத்துக்கொண்டால் ஓட்டுநர் புரிந்துகொள்வார். ஊர்க்காரர்கள் இன்னும் பழைய பெயர்களையே சொல்கிறார்கள்.

மூன்றாம் படி: ஹனோயின் பழைய நகரிலிருந்து தொடங்குதல்

கிராமத்துக்குப் போகும் முன் ஒரு மாலையை ஹனோயின் பழைய வணிகத் தெருக்களில் செலவிடுவதைப் பரிந்துரைக்கிறேன். ‘ஹாங்’ என்று தொடங்கும் தெருப் பெயர்கள் அங்கே விற்கப்பட்ட சரக்கைக் குறிப்பவை. ஒவ்வொரு தெருவிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஒரே கிராமத்தைச் சேர்ந்த கைவினைஞர்கள். வரும்போது தங்கள் ஊர்த் தெய்வத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். வெள்ளித் தெருவான ஹாங் பாக்கில் 42ஆம் எண்ணில் உள்ள கிம் ஙான் மண்டபம், சாவ் கே கிராமத்துப் பொற்கொல்லர்கள் தங்கள் தொழில் முன்னோரை வழிபட எழுப்பியது. கடை நெரிசலுக்கு நடுவே அந்த மண்டபத்தின் முற்றத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டுக் கிராமத்துக்குப் போனால், ஊர்ப் பொதுமண்டபம் என்பது அங்கே எதற்காக இருக்கிறது என்பது எளிதில் விளங்கும்.

நான்காம் படி: முதல் ஊராக பாட் ட்ராங்

ஹனோயின் தென்கிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில், செவ்வாற்றின் இடக்கரையில் உள்ள பாட் ட்ராங், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பீங்கானும் மண்பாண்டமும் செய்துவரும் ஊர். லாங் பியென் பேருந்து நிலையத்திலிருந்து 47A எண் பேருந்து நேராக ஊருக்கே செல்கிறது; இந்த வசதியால்தான் முதல் ஊராக இதைச் சொல்கிறேன். பேருந்து நிற்குமிடத்தில் உள்ள பெரிய சந்தையையும், சுழலும் களிமண்ணைப் போலக் கட்டப்பட்ட அருங்காட்சியகக் கட்டடத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆற்றை ஒட்டிய பழைய பகுதியின் குறுகிய சந்துகளுக்குள் நடந்துவிடுங்கள். வனைபவர்களின் வீடுகளும் பொதுமண்டபமும், பயன்பாட்டிலிருந்து நீங்கிய பழைய விறகுச் சூளையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஊரின் வெள்ளைக் களிமண் வெகு காலம் முன்பே தீர்ந்துவிட்டதால், மண் இன்று வெளியூரிலிருந்து வருகிறது. சூளைகளும் நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறிவிட்டன. சுவர்களில் நிலக்கரி வரட்டி தட்டிக் காயவைத்திருக்கும் பழைய புகைப்படக் காட்சியைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஊர்க்காரர்களின் நுரையீரலை நினைத்தால், இந்த ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டிய வரிசை இது: களிக்குழம்பை ஜிப்சம் அச்சில் ஊற்றுதல் அல்லது சக்கரத்தில் வனைதல், நிழலில் உலர்த்துதல், தூரிகையால் வரைதல், மெருகுக் குழம்பில் முக்குதல், சுடுதல். ஒரே பட்டறையில் இவை அனைத்தும் நடக்காமல் போகலாம். ஒரு வீட்டில் அச்சு வார்ப்பதும் இன்னொரு வீட்டில் வரைவதுமாக வேலை பிரிந்திருப்பது வழக்கம்.

பயணிகள் தாமே வனைந்து பார்க்கும் பயிற்சி வகுப்புகள் ஊர் முழுவதும் இருக்கின்றன. செய்த பொருள் உலர்ந்து சுடப்பட நாட்கள் ஆகும் என்பதால், அதை எடுத்துச் செல்ல விரும்புபவர்கள் ஹனோயில் தங்கும் முதல் நாளிலேயே இங்கே வந்துவிட வேண்டும்.

அருகிலேயே உள்ள கியெவ் கி கிராமம் பொன் தகடு அடிக்கும் ஊர். சுத்தியலால் அடித்து அடித்து மெலிதாக்கப்பட்ட தகட்டை வெட்டி அடுக்கும் அறையில், கோடையிலும் மின்விசிறியைச் சுழல விடுவதில்லை. மூச்சுக் காற்றே தகட்டைப் பறக்கச் செய்துவிடும். உள்ளே அழைக்கப்பட்டால் வாசலிலேயே நின்று பாருங்கள், பேசாதீர்கள்.

ஐந்தாம் படி: டோங் ஹோ, ஒரு முழு நாளுக்கு

ஹனோய்க்குக் கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில், டுவோங் ஆற்றங்கரையில், பாக் நின் மாகாணத்தில் இருக்கும் டோங் ஹோ மரக்கட்டை அச்சுப் படங்களுக்குப் பெயர்பெற்றது. என் கணிப்பில் வடபகுதி ஊர்களில் மிகுந்த நேரம் ஒதுக்கத் தக்கது இதுதான். வேலையின் ஒவ்வொரு கட்டமும் கண்ணெதிரே நிகழ்வதுடன், பயன்படும் பொருள்கள் அனைத்தும் தாவரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் சிப்பியிலிருந்தும் வருபவை.

காகிதம் ‘ஸோ’ என்ற மரத்தின் பட்டையிலிருந்து செய்யப்படுவது. சிப்பி ஓட்டைப் பொடித்து, ஒட்டரிசிக் கஞ்சியில் கலந்து, ஊசியிலைகளால் கட்டிய தூரிகையால் அதன்மேல் தடவுகிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பூச்சு மினுங்குவதையும், தூரிகை ஓடிய கோடுகள் அப்படியே தங்கியிருப்பதையும் காணலாம். அசல் படத்தை அறிய இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை. கறுப்பு நிறம் மூங்கில் இலைக் கரியிலிருந்தும், நீலப் பச்சை அவுரியிலிருந்தும், மஞ்சள் ஒருவகை மரத்தின் உலர்ந்த பூமொட்டிலிருந்தும், சிவப்பு செம்மண் கல்லிலிருந்தும் நமக்குப் பதிமுகம் என்று தெரிந்த கட்டையிலிருந்தும் எடுக்கப்படுகின்றன.

அச்சிடும்போது கட்டையைக் கீழே வைத்துக் காகிதத்தை மேலே போடுவதில்லை. கட்டையை முத்திரை குத்துவது போலக் காகிதத்தின்மேல் கவிழ்த்து அழுத்தி, காகிதத்தோடு சேர்த்துத் திருப்பி, அதன் முதுகைக் காய்ந்த பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. நிறங்கள் முதலில், கறுப்புக் கோடுகள் கடைசியில். அந்தக் கடைசிக் கட்டை எழும் தருணத்தில்தான் சிதறிக் கிடந்த வண்ணத் திட்டுகள் ஒரு பன்றியாகவோ கோழியாகவோ மாறுகின்றன. எனவே ஏற்கெனவே அச்சிட்டுத் தொங்கவிட்ட படங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல், ஒரு படமாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை உருவாவதைக் காட்டும்படி கேளுங்கள்.

படங்கள் புத்தாண்டுக்குச் சுவரில் ஒட்டி அடுத்த ஆண்டு மாற்றுவதற்காக விற்கப்பட்டவை. எலித் திருமணப் படத்தில் மணமக்கள் ஊர்வலத்தை நிம்மதியாக நடத்திக்கொள்ள, எலிகள் பூனைக்குப் பறவையும் மீனும் கையூட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. கிராமத்தார் அதிகாரிகளைப் பற்றி நினைத்ததை எழுத்தில் வைக்காமல் இப்படி வைத்தார்கள்.

ஒன்றை முன்னதாகவே அறிந்து செல்ல வேண்டும். ஊரில் இன்று மிகப் பெரும்பாலான வீடுகள் செய்வது இறந்தோருக்காக எரிக்கப்படும் காகிதப் பொருள்களை: பணம், உடை, குதிரை, வீடு. படத்தொழிலைத் தொடரும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. காகிதக் குதிரைகள் குவிந்த வாசல்களைக் கண்டு தவறான ஊருக்கு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அதுவும் கைத்தொழிலே, அதையும் நின்று பார்க்கலாம். திரும்பும் வழியில் உள்ள புட் தாப் பௌத்தக் கோயிலில் 1656ஆம் ஆண்டு மரத்தில் செதுக்கப்பட்ட, ஆயிரம் கையும் ஆயிரம் கண்ணும் கொண்ட கருணைத் தெய்வத்தின் சிலை இருக்கிறது. டோங் ஹோவுக்குப் பேருந்து மாறிப் போவதைவிட ஒரு நாள் வாடகைக் காரே உகந்தது.

ஆறாம் படி: நேரத்துக்கேற்ப மற்ற வடக்கு ஊர்கள்

வான் ஃபுக் பட்டு கிராமம் நகரம் விழுங்கிவிட்ட ஊர். 2021 நவம்பரில் தொடங்கிய மெட்ரோவில் ஹா டோங் பகுதிவரை சென்று அங்கிருந்து டாக்சி எடுக்கலாம். குடைகள் தொங்கும் தெருவில் படமெடுப்பதைவிட, துளையட்டைகள் கட்டிய தறிகள் அதிரும் பின்வீடுகளைத் தேடிப் போவது பயனுள்ளது. மேகம் போன்ற கோலம் துணிக்குள்ளேயே நெய்யப்படும் ‘வான்’ பட்டே இதன் சிறப்பு. கடைகளில் இயந்திரத் துணியும் செயற்கை இழையும் கலந்து விற்கப்படுவதால், விலையுயர்ந்த துணிக்கு ஓர் இழையைக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள்: பட்டு முடி கருகும் வாடையுடன் எரிந்து பொடியாகும் சாம்பலைத் தரும், செயற்கை இழை உருகிக் கட்டியாகும்.

குவாங் ஃபூ காவில் ஊதுபத்திக்கான மூங்கில் குச்சிகளைச் சிவப்புச் சாயம் ஏற்றி, கட்டுக் கட்டாக விரித்து வெயிலில் வைக்கிறார்கள். உலகெங்கும் பரவிய அந்தச் சிவப்பு முற்றத்தின் படங்களில் பல, பயணிகளுக்காகவே அடுக்கிவைக்கப்பட்ட முற்றங்களில் எடுத்தவை; அதற்குக் கட்டணமும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் அதைச் செலுத்திய பின் பக்கத்துத் தெருவுக்கும் செல்லுங்கள்; மூங்கிலைப் பிளந்து சீவும் உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது.

ஹனோய்க்கு மேற்கே சுமார் 45 கிலோமீட்டரில் உள்ள டுவோங் லாம் தொழிலூர் அல்ல, பழைய உழவர் ஊர். செம்பூரான் கல் சுவர்களும், மோங் ஃபூ எனும் ஊர்வாசலும், முற்றங்களில் சோயா நொதிக்கும் ஜாடிகளும் கொண்டது. வார நாளில் சென்று, ஏதேனும் ஒரு பழைய வீட்டில் முன்பதிவு செய்து மதிய உணவு உண்ணலாம்.

மலைப்பகுதி வேறு வகையான பயணம். மாய் சாவ் பள்ளத்தாக்கில் ‘தாய்’ (Thai) என்ற இன மக்களின் தூண் வீடுகளில் தங்கலாம். வடக்கே எல்லையை ஒட்டிய லுங் டாமில் மோங் இனப் பெண்கள் ஹெம்ப் எனும் செடியின் நாரை உரித்து, நடந்துகொண்டே கைவிரலால் இழை சேர்த்து, நெய்து, தேன்மெழுகால் கோலமிட்டு, அவுரியில் பலமுறை தோய்க்கிறார்கள். மலைச் சாலைகளில் இருசக்கர வண்டி ஓட்ட ஆசைப்படுபவர்கள், தங்கள் உரிமமும் காப்பீடும் அங்கே செல்லுபடியாகுமா என்று உறுதிசெய்யாமல் சாவியை வாங்கக் கூடாது. ஓட்டுநரோடு செல்வதே அறிவுடைமை.

ஏழாம் படி: நடுப்பகுதியும் சாம் மக்களின் பாவ் ட்ருக்கும்

ஹோய் அன்னில் தங்குபவர்கள் மிதிவண்டியிலேயே இரண்டு ஊர்களை அடையலாம். தான் ஹாவில் ஒருவர் நின்றபடி காலால் சக்கரத்தை உந்த, இன்னொருவர் அமர்ந்து வனைகிறார். ட்ரா குவேயில் கீரைப் பாத்திகளுக்கு அருகிலுள்ள நீர்நிலையின் பாசியையே உரமாக இடுகிறார்கள். ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு 2024இல் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அதை அறிவித்தது.

பாவ் ட்ருக் இவற்றைவிடத் தொலைவில், ஃபான் ராங்குக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆயினும் தமிழ் வாசகர்கள் தவிர்க்கக் கூடாத ஊர் இது. இங்கே வனைபவர்கள் பழைய சம்பா நாட்டவரின் வழிவந்த சாம் இனப் பெண்கள். தாய்வழிச் சமூகத்தில் தொழில் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. சக்கரம் கிடையாது. மண்ணுருண்டையை ஒரு பீடத்தின்மேல் வைத்து, வனைபவரே அதைப் பின்னோக்கிச் சுற்றி நடந்து பானையை எழுப்பி, ஈரத் துணியால் வழித்து மெருகேற்றுகிறார். குவாவ் ஆற்றங்கரையின் களிமண்ணில் மணல் கலந்து பிசைந்து, செய்த பானைகளைத் திறந்த வெளியில் விறகும் வைக்கோலும் மூட்டிச் சுடுகிறார்கள். நெருப்பும் காற்றும் பட்ட இடத்தைப் பொறுத்துச் சிவப்பும் கருமையும் திட்டுத்திட்டாக விழுவதால் இரண்டு பானைகள் ஒன்றுபோல அமைவதில்லை. 2022 நவம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பானை சுடுதல் தினமும் நடப்பதில்லை. விடுதிக்காரர் வழியாக முன்பே தொலைபேசியில் கேட்டு, சுடும் நாளில் செல்லுங்கள். எதிரே உள்ள மீ நியெப் ஊரில் சாம் நெசவையும் அதே நாளில் பார்க்கலாம்.

ஃபான் ராங் குன்றின்மேல் நிற்கும் போ குளோங் கராய் செங்கல் கோபுரங்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தவை. வாசல் மேலே ஆடும் சிவன், உள்ளே முகலிங்கம், முன்னே நந்தி. சாம் மக்களில் ஒரு பிரிவினர் இங்கே இன்றும் வழிபடுகிறார்கள். அக்டோபரை ஒட்டி வரும் கதே திருவிழாவில் தெய்வத்தின் ஆடைகள் ஊர்வலமாகக் கோபுரத்துக்கு வருகின்றன. இதை நம் கோயில் என்று உரிமை பேசாமல், அவர்கள் கோயிலாகவே கண்டு வருவது மரியாதை.

எட்டாம் படி: ஊருக்குள் நடந்துகொள்ளும் முறை

காலை எட்டு மணிக்குள் ஊரில் இருங்கள். பதினொன்றரைக்கு மேல் உணவும் உறக்கமும். இரண்டு மணிவரை பட்டறைகள் அமைதியாக இருக்கும். பட்டறை என்பது பெரும்பாலும் வீட்டின் முன்னறையே என்பதால், காலணியை வாசலில் விட்டு, முன்னோர் படையலுக்கு முதுகைக் காட்டி உட்காராமல், தரப்படும் தேநீரை மறுக்காமல் குடியுங்கள். நம்மைப் போலவே அவர்களும் அந்நியரையும் உறவுமுறை சொல்லியே அழைப்பார்கள்: தாயை ஒத்த வயதினருக்கு ‘கோ’, சித்தப்பா வயதினருக்கு ‘சூ’, முதிய பெண்ணுக்கு ‘பா’, முதியவருக்கு ‘ஓங்’. முன்னே ‘சாவ்’ என்று சேர்த்து, ‘சாவ் பா’ என்றால் பாட்டிக்கு வணக்கம் சொல்லியாகிவிட்டது.

படமெடுக்கும் முன் கைபேசியைக் காட்டித் தலையசைவைப் பெறுங்கள். உலைக்கு அருகில் நிற்பவரையும், கத்தி பிடித்திருப்பவரையும் நிமிர்ந்து பார்க்கச் சொல்லாதீர்கள். மலையூர்களில் பொருள் விற்கும் குழந்தைகளிடம் வாங்குவதையும் அவர்களுக்குப் பணம் தருவதையும் தவிர்க்க வேண்டும். விற்பனை நடக்கும்வரை பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் இருக்கின்றன. கிராம வீட்டில் தங்கினால் காவல்துறைப் பதிவுக்காகக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். அது சட்டப்படியான நடைமுறை.

சைவ உணவினர் ‘தோய் அன் சாய்’ என்று சொன்னால் போதும், ஆனால் மீன்சாறு சேர்க்காதீர்கள் என்று தனியாகவும் எழுதிக் காட்டுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தர்கள் பலர் சைவமே உண்பதால், அந்த நாட்களில் சிற்றூர்களிலும் சைவச் சாப்பாடு எளிதாகக் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: வாங்குதலும் எடுத்துவருதலும்

வேலையைப் பார்த்த வீட்டிலேயே வாங்குங்கள். கையால் வரைந்த பீங்கானில் ஒரே கோலம் இரண்டு கிண்ணங்களில் சிறிதளவேனும் வேறுபடும், அடிவளையம் சீராக்கப்பட்டிருக்கும். பட்டறையில் சிறிய அளவில் பேரம் பேசலாம், ஆனால் கேட்ட விலையைப் பாதியாக்கும் சுற்றுலாச் சந்தை வழக்கம் அங்கே பொருந்தாது. சில்லறைத் தாள்களைத் தயாராக வைத்திருங்கள். டோங் நாணயத்தில் சுழியங்கள் மிகுதி என்பதால் 20,000 தாளும் 500,000 தாளும் நீல நிறத்தில் குழப்பும், வெளிச்சத்தில் எண்ணிக் கொடுங்கள். பழம்பொருள் போலச் செய்த சாடிகளுக்குப் புதிய பொருள் என்று எழுதிய ரசீது பெறுங்கள். உண்மையான பழம்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. பாவ் ட்ருக் பானைகள் தாழ்ந்த சூட்டில் சுட்டவை, எளிதில் உடைபவை; கைப்பையில் அடங்கும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். டோங் ஹோ படங்களை மடிக்காமல் உருளைக் குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கண்ணாடிச் சட்டமிடும்போது நேர் வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுப்பது அவசியம், ஏனெனில் தாவர நிறங்கள் வெயிலில் வெளிறிப்போகும்.